முழுங்கிக்குச் சுற்றிப் போட்டது

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்தச் சக்கர நாற்காலி எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டுப் போகட்டும்! போதுமா? இதற்கு மேல் அடித்துச் சத்தியம் செய்ய இந்த விமான நிலையத்தில் கற்பூரம் கிடைக்காதுங்க.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சற்று முன்னால் கழிப்பறைக்கு எழுந்து போன வேகத்தைப் பார்த்தேனே. இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேரில் நடக்க முடியாதவர் ஒருவருமில்லை. அதிகாரி இங்கிலீஷில் கேட்கிற கேள்விக்கு, தள்ளிக்கொண்டு வருகிறவன் பதில் சொல்லிவிடுவான் என்று பிள்ளைகள் போட்டுக்கொடுத்த வழி இது. அதை விடுங்கள். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் கிடக்கிறது. அதோ நாலாவது நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளே, அவள்தான் என் வீட்டுக்காரி மயிலாத்தாள். அதனால் குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

டாலஸ் பக்கம் மகள் வீட்டுக்கு, முதல் தடவை என்றீர்கள். அப்படியானால் உங்களுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். அங்கே சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். தொட்டியில் தண்ணீர் போகிற ஓட்டைதான் அதற்கு வாய். மிச்சம் மீதியை அதில் தள்ளி ஸ்விட்சைப் போட்டால் அரைத்துக் குழாயில் அனுப்பிவிடும். டிஸ்போசல் என்பார்கள். மயிலாத்தாள் முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், முழுங்கி என்று.

என் பெயர் பொங்கியண்ணன். கோயமுத்தூர் கணபதியில் நாற்பத்தோரு வருஷம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவன். காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், செம்புக் கம்பி புதிதாகச் சுற்றி, கட்டுக் கட்டி, உயிர் கொடுத்து அனுப்புவேன். சூலூர்க்காரர் ஒருவரின் கிணற்று மோட்டாரை நான் சுற்றிக்கொடுத்த வேகத்தில், அது தண்ணீரோடு இரண்டு ஆமையையும், அவர் பாட்டன் காலத்தில் உள்ளே விழுந்த பித்தளைச் சொம்பையும் சேர்த்து மேலே கொண்டுவந்து போட்டது. சொம்பில் ஒரு நசுங்கல் இல்லை. சரி, அது வேறு கதை.

இரண்டு வருஷம் முன்னால் மகள் கோகிலவாணிக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது போய் இறங்கினோம். மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை தரணி என்னைத் தொட்டி முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

“மாமா, முதல்ல பச்சத் தண்ணியத் தொறந்துரணும். அப்பறந்தான் ஸ்விட்சு. நார் இருக்கற எதையும் போடக்கூடாது. கையை மட்டும் உள்ள உட்டுராதீங்க.”

மோட்டாரைப் பற்றி. எனக்கு!

“சரிங்க மாப்பிள்ளை” என்றேன். அவர் தலை மறைந்ததும் அடியில் மல்லாந்து படுத்துத் தகட்டைப் படித்தேன். அரைக் குதிரைத்திறன். நம்மூரில் அரைக் குதிரையை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே மாவாட்டி முடித்துவிடுவோம். இது பீன்ஸ் காம்பை அரைப்பதற்கு இத்தனை சத்தம் போடுகிறது.

மெக்கானிக் என்று இருப்பவன் புதிதாக ஒரு இயந்திரத்தைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி, இது எதுவரை தாங்கும் என்பதுதான். அது தெரியாமல் பராமரிப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் பராமரிக்க ஆரம்பித்தேன்.

மகள் ஆபீசுக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேசிக்கொண்டிருப்பார். மயிலாத்தாள் குளித்துச் சாமி கும்பிட முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் எனக்கும் முழுங்கிக்கும். முட்டை ஓடு போட்டேன், தின்றது. புளியங்கொட்டை பத்துப் போட்டேன். அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை வீட்டைவிட்டுப் போனது, இன்னும் திரும்பவில்லை. ஆனால் தின்றது. அதற்கப்புறந்தான் முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சாயங்காலம் பார்த்தால் தொட்டி நிறையச் சாம்பார்த் தண்ணீர். மாப்பிள்ளை டார்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டு, “அத்தை, முருங்கக்காய் ஏதாச்சும் போட்டீங்களா?” என்றார்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்த்தேன்.

“தெரியாம உழுந்திருக்கும் மாப்பிள்ளை” என்றாள் அவள்.

அவளே சொல்லிவிட்டாள், பார்த்தீர்களா? அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? மருமகன் முன்னால் ஒரு பெண்பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது போல் ஆகாதா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க.

அடுத்த வாரம் வாழைத்தண்டு நார். அதற்கடுத்த வாரம் தேங்காய் நார். அந்த மூன்றாவது தடவை, பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற மிஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீரும் முழுங்கி வழியாகத்தான் போகவேண்டுமாம். அது எனக்கு யாரும் சொல்லவில்லை. போக வழியில்லாமல் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்து கூடத்தில் முழங்கால் மட்டும் நின்றது. சரி, கணுக்கால் மட்டும். கார்ப்பெட் நனைந்தது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

மாப்பிள்ளை தங்கமான ஆள், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“அத்தை, நீங்க இத்தன வருசம் சமைச்சது போதுமுங்க. திங்கக்கிழமையிருந்து ஒரு அம்மா டப்பாவுல சாப்பாடு கொண்டாந்து குடுத்துருவாங்க. குழந்தை பொறந்த அப்பறமும் அவுங்களே பாத்துக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

மயிலாத்தாள் எங்கள் அறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்ய என்று ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த பொட்டலங்கள் இருக்கிறதே, சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, வெயிலில் காயவைத்த பூண்டு. ஒவ்வொன்றின் மேலும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இங்கிலீஷில் பெயர் எழுதி வாங்கி ஒட்டியிருந்தாள். அதை ஒவ்வொன்றாக மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்து, பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, டிக்கெட்ட மாத்தச் சொல்லுங்க.”

“அதுக்கெதுக்கு மயிலா டிக்கெட்டு…”

“அடுப்புப் பக்கம் போகக்கூடாதுன்னா பெத்தவளுக்கு இந்த ஊட்டுல என்ன வேலைங்க? கொலுப் பொம்மையாட்ட உக்கார நான் இத்தன தூரம் பறந்து வரோணுமா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்து மாடிப்படி ஏறினேன். மொத்தம் பதினான்கு படி. ஆறு படி ஏறிவிட்டேன். மேலே மாப்பிள்ளை யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வேலை நேரத்தில் ஒரு மனுஷனைத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. இறங்கிவிட்டேன்.

மறுநாள் அந்தக் குடியிருப்பின் ரிப்பேர்க்காரர் வந்தார். ஆள் வைக்கோல் போர் மாதிரி. முழுங்கியின் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் வளைந்த சாவி ஒன்றைச் செருகி இப்படியும் அப்படியும் திருகினார். இடுக்கியால் உள்ளேயிருந்து எதையோ எடுத்துக் காகிதத்தில் வைத்தார். ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். முழுங்கி ஓடியது. இரண்டே நிமிஷம். அந்தக் காகிதத்தை மயிலாத்தாள் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

போகும்போது அந்தச் சாவியைத் தொட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டு அவர் ஏதோ சொன்னார். கோகிலா தமிழில் சொன்னாள்: “வாரத்துக்கு ஒருக்கா ஐஸ் கட்டி, கல்லுப்பு, எலுமிச்சம்பழம் போட்டு ஓட்டச் சொல்றாரும்மா. நாத்தமும் வராது, சுத்தமா இருக்குமாம்.”

மயிலாத்தாளின் கண் இரண்டும் விரிந்தது. “என்னது? கல்லுப்பும் எலுமிச்சம்பழமுமா?”

“ஆமாம்மா.”

“எந்தக் கெழமைன்னு கேளு.”

“அம்மா, அதெல்லாம் கேக்க முடியாதும்மா.”

“கேளு கண்ணு.”

கேட்டாள். அந்த ஆள் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்து, வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் ஞாபகம் இருக்கும் என்றார்.

தீர்ந்தது கதை! மயிலாத்தாள் கையைத் தட்டினாள். “பாத்தீங்களா? வெள்ளைக்காரருக்கே தெரிஞ்சிருக்குது! வயித்துப்புள்ளக்காரி இருக்கற ஊடு, கண்ணுபட்டுப் போச்சு. நாம்போட்ட நாருமில்ல, நீங்க போட்ட தோலுமில்ல. திருஷ்டிதான் தொண்டையில அடைச்சிருக்குது!”

மாப்பிள்ளை எப்படி மறுப்பார்? வைத்தியம் எழுதிக்கொடுத்தது அவர்கள் ஊர் ஆள். கோகிலா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, “தரணி, மூணு வெள்ளிக்கிழமை பாக்கலாமே. அடைக்காம ஓடுச்சுன்னா அம்மாவே சமைக்கட்டும். அடைச்சா டப்பா” என்றாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பாதி மூடியபடிதான்.

முதல் வெள்ளிக்கிழமை மகளைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, கல்லுப்பையும் எலுமிச்சம்பழத்தையும் கையில் பொத்திக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். “வந்தவங்க கண்ணு, போனவங்க கண்ணு, போன்ல பாத்தவங்க கண்ணு.” நம்மூர் என்றால் உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பழத்தை முச்சந்தியில் போடுவோம். அங்கே முச்சந்தியில் எலுமிச்சம்பழம் போட்டால் கேமரா படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். முழுங்கிக்கு அந்தத் தொல்லையே இல்லை. பழத்தை நாலாக நறுக்கி, உப்பும் ஐஸுமாகப் போட்டு ஸ்விட்சை அமுக்கினாள். கடகடகட! வீடு முழுக்க எலுமிச்சை வாசம். திருஷ்டி குழாய் வழியாக ஊருக்கு வெளியே போய்விட்டது.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே ஓடியது. ஏன் அடைக்கவில்லை? நான் என் கையை என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன், அதனால்! பதினான்கு நாள்! யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னைப் பாராட்ட வேண்டுமே?

பேரெல்லாம் அவளுக்கு. நாலு வீடு தள்ளி பூங்கோதை என்று ஒரு பெண், திருச்செங்கோட்டுப் பக்கம். அவள் பையன் சோறே தின்பதில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தாள். சுற்றிப் போட்டு முழுங்கிக்குக் கொடுத்தார்கள். மறுநாள் அந்தப் பொடியன் பதினோரு தோசை தின்றான். பூங்கோதை நாலு என்கிறாள். பெற்றவள் கண்ணே பட்டுவிடக் கூடாது என்று குறைத்துச் சொல்கிறாள். செய்தி போனில் பரவி, மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு பெண்கள் வருவதாக ஏற்பாடு. ஒருத்தி என்னிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்: “அண்ணா, அன்னிக்கு ஐஸ் தட்ட நீங்க புடிச்சுக்கங்க.”

ஐஸ் தட்டு! நாற்பத்தோரு வருஷம் மோட்டாருக்கு உயிர் கொடுத்த கை! முழுங்கி ஒரு மோட்டார், மோட்டார் என்றால் பொங்கியண்ணன் என்று அந்த ஊரில் ஒருவருக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், தெரியப்படுத்த வேண்டுமா இல்லையா? எல்லார் முன்னாலும் சின்னதாக ஒரு அடைப்பு. உடனே நான் வளைந்த சாவியோடு குனிய வேண்டியது, இரண்டே திருகு, எழுந்து நிற்க வேண்டியது. உடனே சரியாகிவிடுகிற அடைப்பு அடைப்புக் கணக்கிலேயே வராது.

எங்கள் வீட்டில்தான் முருங்கைக்காய் வாங்குவதே நின்றுவிட்டதே. புதன்கிழமை பூங்கோதை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பார். ஏழு துண்டு சாப்பிட்டேன். சக்கையைக் காகிதக் கைத்துண்டில் சுருட்டி, யாரும் பார்க்காதபோது பைக்குள் வைத்தேன். கௌரவமான மனுஷன் செய்கிற வேலை இல்லைதான். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் கௌரவம் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் இருபத்திரண்டு செருப்பு. கூட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சக்கையை உள்ளே தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாக ஐஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மயிலாத்தாள் மகளுக்குச் சுற்றினாள். பழத்தைப் போட்டாள். ஸ்விட்சை அமுக்கினாள்.

‘ம்ம்ம்ம்.’

நின்றுவிட்டது. மாடிப்படி உச்சியில் மாப்பிள்ளை வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நகருங்க, நகருங்க. மோட்டாருன்னா நம்ம டிப்பார்ட்மெண்டு” என்று சொல்லி, தட்டை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, அடியில் குனிந்து சாவியைச் செருகினேன். திருகினேன். அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மயிலாத்தாள் உப்புக் கிண்ணத்தோடு நின்றாள். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, எங்கள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதானுங்க எனக்குக் கட்டிலடியில் பாதி மூடிக் கிடக்கிற அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

என் மொத்த பலத்தையும் கொடுத்து ஒரு திருகு. ‘டக்.’ அசைந்தது! எழுந்தேன், இடுக்கியை உள்ளே விட்டேன், பிடித்தேன், இழுத்தேன், பதினோரு பேருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினேன். “இதோ!”

காட்டியதும்தான் நானே பார்த்தேன்.

எனக்கு ஒரு பழக்கம். கையில் நார், நூல், சணல் எது கிடைத்தாலும் விரல் தானாகக் காயில் சுற்றிவிடும், நடுவில் இரட்டை முடிச்சும் போட்டுவிடும். பத்துக் குதிரைத்திறன் மோட்டாரிலேயே என் முடிச்சு அவிழ்ந்ததில்லை, முழுங்கியிலா அவிழும்? பூங்கோதை வீட்டு மேசைக்கு அடியில் பேச்சுவாக்கில் சுற்றியிருக்கிறேன் போல. ஏழு துண்டுச் சக்கையும் அச்சு அசலாக ஒரு காயிலாக இடுக்கியில் தொங்கியது.

பூங்கோதை கிட்டே வந்து பார்த்தாள். “என்னங்க இது, முருங்கக்காய்ச் சக்கையாட்ட இருக்குது?”

கோகிலா அந்த முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பா…” என்று ஆரம்பித்தாள்.

மயிலாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து இடுக்கியை வாங்கினாள்.

“ஆமாங்க, முருங்கக்காய்ச் சக்கையேதான். இந்த ஊட்டுக்குள்ள முருங்கக்காய் வந்து மூணு வாரமாச்சு. என்ற மாப்பிள்ளையவே கேளுங்க. வராத காய்க்குச் சக்கை எங்கிருந்துங்க வரும்? பாருங்க, எப்படிப் பாம்பாட்டச் சுருண்டு, முடிச்சும் போட்டுக்கிட்டுக் கெடக்குதுன்னு! ஆரு கண்ணோ! இத்தன நாளா உள்ளயே கெடந்துருக்குது, மூணாவது வெள்ளிக்கு வெளிய வந்திருச்சு. இனிமே இந்த ஊட்டுல அடைப்பே வராது.”

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“வராதுதானுங்களே?”

“வராது” என்றேன்.

“எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.”

“வராது!”

பதினோரு பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஸ்விட்சை அமுக்கினாள். கடகடகட, எலுமிச்சை வாசம். மாப்பிள்ளை இறங்கி வந்து அந்தக் காயிலைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்ஜினியர் ஆயிற்றே, நுணுக்கமாகத்தான் பார்த்தார். “அத்தை, டப்பா வேண்டாம்னு சொல்லிர்றனுங்க” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நல்ல முடிச்சுங்க மாமா” என்றார். எதற்காக என்னிடம் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எல்லாரும் போனபிறகு மயிலாத்தாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். ரிப்பேர்க்காரர் எடுத்துப் போட்ட தேங்காய் நார். அதுவும் காயில்தான். அதிலும் இரட்டை முடிச்சு.

“வாழத்தண்டு அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

“அப்பறம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா மருமவன் ஊட்டுல உங்க மருவாதி என்னாகறது? என்ற மருவாதி போனா நாலு நாள் நல்லாச் சமைச்சுப் போட்டுத் திருப்பிக்குவேன். உங்களுக்கு அதுவும் தெரியாதே.”

என் மேல் அவளுக்கு அப்படி ஒரு பயம், பாருங்கள். நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரில் அவளுக்கு அத்தனை பேர் வாங்கிக்கொடுத்தது யார்? நான் அடைக்காவிட்டால் அவளுக்கு ஏது வெள்ளிக்கிழமை?

பேரன் பிறந்தான். நாற்பது நாளும் பத்தியம் அவள் கையால்தான். பெட்டியில் ஒரு பொட்டலம் மிச்சமில்லை. அந்த நாற்பது நாளும் ஒவ்வொரு தட்டையும் குப்பைத் தொட்டியில் வழித்துவிட்டு, கையாலேயே தேய்த்துக் கழுவியது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் தொட்டியைக் காட்டினாள், நான் கழுவினேன்.

உங்கள் மகள் வீடும் அதே தெருப் பக்கம்தான் என்கிறீர்கள். அப்படியானால் பூங்கோதை கட்டாயம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள். அவள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே மஞ்சள் துணியில் சின்னதாக ஒரு முடிப்புத் தொங்கும். அன்றைக்கு மயிலாத்தாளிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டுகிறாளாம். அதற்கப்புறம் அவள் புருஷனுக்கு வேலை உயர்ந்திருக்கிறது, பையனுக்குப் பத்தியம் போட்டுத்தான் தோசையை நிறுத்த வேண்டியிருக்கிறது. நீங்களும் கும்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். குறைந்து போய்விட மாட்டீர்கள். அவள் சாம்பார் நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் துணியை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். அது யார் வீட்டுச் சாம்பார், யார் வாயில் கிடந்த சக்கை என்கிற பேச்செல்லாம் அந்த வாசலில் வேண்டாம். மீறி வாய் தவறிவிட்டால், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்பாள். வழியில் எவனோ ஒருத்தன் என்று சொல்லுங்கள். பொங்கியண்ணன் என்ற பெயரையே நீங்கள் கேள்விப்பட்டதில்லைங்க.